காற்றடைத்த ஜோடு

நமது கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு விளையாட்டைப் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு, பழைய மாணவன் என்னும் உரிமை பாராட்டி, ஆசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டார். யான் இங்குப் படித்த காலத்தில் பந்தைக் கூடையில் இட்டதைக் காட்டிலும், அது மைதானத்திற்கு வெளியே உருண்டு வந்தபோது எடுத்து எறிந்ததே அதிகம். ஆட்டத்திறமை முழுவதும் என் தம்பிக்கே வாய்த்தது. எனினும் ஓர் இணை ஜோடுகளைப் பற்றி எழுத எனக்கு அதிகாரம் உண்டு. அவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன. அவற்றை விலை கொடுத்து வாங்கியவன் யான். வாங்கியது தம்பிக்காக. அவன் அவற்றை அணிந்து ஆடாதபடி தடுத்தவனும் யானே.

கூடைப்பந்தாட்டம் தோன்றிய வரலாற்றை மாணவர் பலரும் அறிந்திருப்பர். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் வெளியே ஆட வழியின்றிச் சலித்திருந்த மாணவருக்காக, பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி இவ்வாட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920ஆம் ஆண்டில் சென்னையில் வாலிபர் சங்க உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். ஆகவே, நம் கல்லூரி மைதானத்தில் நிற்கும் இரும்பு வளையத்திற்கும் அந்தப் பழக்கூடைக்கும் உள்ள உறவு வெகு தூரத்து உறவு அன்று.

இவ்வாட்டம் காலுக்குத் தரும் வேலை கொஞ்சமன்று. ஓடுதல், ஓட்டத்தின் நடுவே சட்டென நிற்றல், ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழலுதல், எகிறுதல், எகிறியபின் பிறர் கால்களுக்கிடையே வந்து இறங்குதல் ஆகிய இத்தனையும் கணுக்காலைச் சோதிப்பன. இதனாலேயே கணுக்காலை மூடி உயர்ந்த ஜோடுகள் இவ்வாட்டத்திற்கென்று பிறந்தன. பாஸ்டனை அடுத்த மால்டன் என்னும் ஊரில் 1908ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கான்வர்ஸ் கம்பெனியார், 1917ஆம் ஆண்டில், ரப்பர் அடியும் கித்தான் மேற்பாகமும் கொண்ட ‘ஆல் ஸ்டார்’ என்னும் ஜோட்டை வெளியிட்டனர். சக் டெய்லர் என்னும் ஆட்டக்காரரின் பெயரைப் பிற்பாடு தாங்கிய அந்தக் கித்தான் ஜோடே, தோல் ஜோடுகள் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும்வரை, பல்லாண்டுகள் அமெரிக்க அரங்குகளில் ஆட்சி செலுத்தியது. 1985ஆம் ஆண்டில் நைக்கி கம்பெனியார் மைக்கேல் ஜோர்டனின் பெயரால் ஒரு ஜோட்டை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதுமுதல் ஜோடு என்பது காலுக்குக் காப்பு என்னும் நிலையைக் கடந்து, இளைஞரின் கனவிலும் இடம்பெறும் பொருளாகிவிட்டது.

இப்போட்டியினிடையே எழுந்ததே நான் சொல்லவந்த ஜோடு. அதனை ஆக்கிய ரீபாக் கம்பெனி இங்கிலாந்திற் பிறந்தது. போல்டன் நகர்ப் பகுதியில் 1895ஆம் ஆண்டில் ஓட்டக்காரருக்கு ஆணி பதித்த ஜோடு செய்யத் தொடங்கிய ஃபாஸ்டர் என்பவரின் பேரர் இருவர், 1960ஆம் ஆண்டில், ஆப்பிரிக்க நாட்டு மான் ஒன்றின் பெயரைத் தம் கம்பெனிக்குச் சூட்டினர். 1979ஆம் ஆண்டில் பால் ஃபயர்மன் என்னும் அமெரிக்க வணிகர் அச்சரக்கைத் தம் நாட்டில் விற்கும் உரிமை பெற்றார். 1982ஆம் ஆண்டில் பெண்களின் உடற்பயிற்சிக்கென வெளியிட்ட மெல்லிய தோல் ஜோட்டினால் அக்கம்பெனி பெருஞ்செல்வம் ஈட்டியது. ஆயினும் கூடைப்பந்து அரங்கில் ஜோர்டனின் புகழுக்கு ஈடு கொடுக்க ஒரு புதுமை வேண்டியிருந்தது.

மனிதருடைய பாதங்கள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. கடையில் விற்பனவோ அளவெண்ணுக்கு ஒன்றாக அச்சில் வார்த்தவை. அணிபவன் தன் காலுக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் ஜோடு ஒன்று செய்ய இயலுமா என்பதே அவர்கள் முன் நின்ற வினா. பனிச்சறுக்கு ஆடுவோர் அணியும் பூட்ஸில் காற்றடைக்கும் ஏற்பாடு ஒன்று முன்னரே இருந்தது. பால் லிச்ஃபீல்டு என்பவரின் தலைமையில் ரீபாக் தொழில் வல்லுநரும், மருத்துவக் கருவிகள் அமைத்துப் பழகிய டிசைன் கன்டினுவம் என்னும் நிறுவனத்தாரும் கூடி ஆராய்ந்தனர். முறிந்த எலும்பை அசையாது பிடிக்கும் காற்றுக் கட்டும், நோயாளியின் நரம்பில் மருந்துநீர் இறங்கும் பையும் அவர்களுக்கு வழிகாட்டின. காற்றுப் புகாத மெல்லிய பை ஒன்றை ஜோட்டின் உட்புறத்தில் கணுக்காலைச் சூழுமாறு பதித்தனர். ஜோட்டின் நாக்கின்மேல், ஆரஞ்சு நிறத்தில், சிறு கூடைப்பந்து வடிவில் ஒரு ரப்பர்க் குமிழை வைத்தனர். அதனைப் பெருவிரலால் அழுத்துந்தோறும் காற்று ஒருவழித் தடுக்கிதழைக் கடந்து பையினுட் சென்று, காலுக்கும் தோலுக்கும் இடையேயுள்ள வெற்றிடத்தை நிரப்பும். ஆட்டம் முடிந்தபின் பின்புறத்துப் பொத்தானை அழுத்தினால் ‘உஸ்’ என்னும் ஓசையுடன் காற்று வெளியேறும். அவ்வாண்டிலேயே நைக்கி கம்பெனியாரும் காற்றடைக்கும் ஜோடு ஒன்றை விற்றனர். ஆனால் அதற்குத் தனியே ஒரு கைக்கருவியை எடுத்துச் செல்லவேண்டும். ரீபாக் ஜோட்டிலோ கருவி ஜோட்டிலேயே அமைந்தது. ‘பம்ப்’ என்ற பெயருடன் 1989ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது கடைக்கு வந்தபோது அதன் விலை 170 டாலர்.

யான் அப்பொழுது மேற்படிப்பின் பொருட்டு பாஸ்டனில் இருந்தேன். மாதம் ஒருமுறை கிடைக்கும் உதவித்தொகையில் அறை வாடகை கொடுத்து, அரிசி வாங்கி, எஞ்சியதை எண்ணி எண்ணிச் செலவிட்ட காலம். 1990ஆம் ஆண்டில், அவ்வருஷந்தான் நம் கல்லூரியிற் சேர்ந்திருந்த என் தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கல்லூரிக் குழுவில் தன்னைச் சேர்த்துக்கொண்ட செய்தியை எழுதி, நூலகத்தில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் கண்ட அதிசய ஜோட்டைப் பற்றியும் எழுதியிருந்தான். “அண்ணா, விலை மிகுதி என்று அறிவேன். வாங்கவேண்டாம். கடையில் பார்த்தால் அது எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்” என்பது அவன் வேண்டுகோள். ஆனால் கடிதத்தோடு மடித்து வைத்திருந்த மற்றொரு தாளில், பென்சிலால் சுற்றி வரைந்த அவனுடைய வலக்கால் அடி இருந்தது! வேண்டாம் என்று வாய் சொல்லியதை அந்தத் தாள் மறுத்துவிட்டது.

170 டாலர் என்பது அந்நாளைய மாற்று விகிதப்படி ஏறத்தாழ 3,000 ரூபாய். எங்கள் தந்தையார் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவர் ஒரு மாதச் சம்பளத்தை முழுவதும் கொடுத்தாலும் அந்த ஜோடு கைக்கு வாராது. யான் ஐந்து மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸை ஒட்டி அதனை வாங்கினேன். கடைக்காரர், தாளில் வரைந்த அடியை ஜோட்டின் அடியோடு ஒட்டிப் பார்த்து, வளரும் பிள்ளை என்று கேட்டறிந்து, ஓரளவு இடம் விட்டே கொடுத்தார். பெட்டியைக் கட்டிலின்கீழ் வைத்தேன்.

இரண்டு மாதங்கள் கழித்து, 1991ஆம் ஆண்டு பிப்ரவரியில், விடுதிக் கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு காட்சி கண்டேன். ஷார்லட் நகரில், பந்தைக் கூடையினுள் எகிறி அடித்து இறக்கும் போட்டி. பாஸ்டன் குழுவின் டீ பிரௌன் என்பவர் அவ்வருஷந்தான் தொழில்முறை ஆட்டத்திற்கு வந்தவர். கூடைப்பந்தாட்டக்காரருள் உயரம் குறைந்தவர். அவர் அரங்கின் நடுவே நின்று, குனிந்து, தம் ஜோடுகளின் ஆரஞ்சுக் குமிழை விரலால் அழுத்தி அழுத்திக் காற்றேற்றினார். அதன்பின் ஓடி எகிறினார். இறுதிச் சுற்றில் ஒரு கையால் தம் கண்களை மறைத்துக்கொண்டே பந்தைக் கூடையில் இறக்கி, ஷான் கெம்ப் என்னும் நெடியவரை வென்றார். அவர் அணிந்திருந்தது ‘ஆம்னி சோன்’ என்னும் பெயருடைய மற்றொரு பம்ப் ஜோடு. கூடத்திலிருந்த பாஸ்டன் மாணவர் எழுப்பிய ஆரவாரத்தில் யானும் கலந்துகொண்டேன். என் கட்டிலின்கீழ் இருந்த பெட்டியின் மதிப்பு அன்றிரவு என் மனத்தில் பன்மடங்கு உயர்ந்தது. பின்வந்த பிழைக்கு வித்து அதுவே போலும்.

1992ஆம் ஆண்டு கோடையில் ஊர் திரும்பினேன். தம்பி பெட்டியைத் திறந்தபோது அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை இன்றும் மறந்திலேன். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் நின்று அணிந்து, குமிழை இருபதுமுறை அழுத்தினான். “அண்ணா, யாரோ கணுக்காலைக் கையால் பிடித்திருப்பதுபோல் இருக்கிறது!” என்றான். எங்கள் அம்மா கதவோரம் நின்று சிரித்தார்கள். மறுநாட் காலையில் அவன் அதனை அணிந்து மைதானத்திற்குப் புறப்பட்டபோது யான் தடுத்தேன். அந்நாளில் நம் கல்லூரி ஆடுகளம் செம்மண் தரை. “இவ்வளவு விலையுயர்ந்த பொருளைப் புழுதியிலா தேய்ப்பது? பெரிய போட்டி ஏதேனும் வரட்டும், அன்று அணியலாம்” என்றேன். அவன் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. மெதுவாகக் கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய கித்தான் ஜோட்டுடன் சென்றான். தமையன் சொல்லைத் தட்டாத வீட்டில் வளர்ந்தவன் அன்றோ!

கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் நம் குழு அரையிறுதிவரை சென்றது. இறுதி ஆட்டத்திற்கு அணியலாம் என்று ஜோட்டைத் துடைத்து வெளியில் வைத்திருந்தோம். அரையிறுதியின் கடைசி நிமிஷங்களில் தம்பி எகிறிப் பந்தைப் பற்றி இறங்கினான். இறங்கிய இடத்தில் மற்றொருவன் கால் இருந்தது. கணுக்கால் மடங்கியது. வைத்தியமும் ஓய்வும் அவனை நடக்கச் செய்தன. முன்போல் எகிறச் செய்யவில்லை. இன்றும் படியேறும்போது வலக்காலைச் சற்று யோசித்தே ஊன்றுவான். இறுதி ஆட்டத்தை அவன் பலகையில் அமர்ந்து பார்த்தான். ஜோடு மீண்டும் பெட்டிக்குள் சென்றது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பிறகு எவரும் பேசவில்லை.

பல ஆண்டுகள் இந்நினைவு என்னை வருத்தியது. பின்னாளில் ஒரு மருத்துவச் செய்தி என் கண்ணிற் பட்டது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்க விளையாட்டு மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சி அது. கல்லூரி ஆட்டக்காரர் 622 பேரைச் சேர்த்து, உயரம் குறைந்த ஜோடு, உயர்ந்த ஜோடு, காற்றறைகள் கொண்ட உயர்ந்த ஜோடு என்னும் மூவகையை அவரவர்க்குச் சீட்டுப் போட்டாற்போலப் பகிர்ந்தளித்து, ஆட்டக்காலம் முழுவதும் கவனித்தனர். கணுக்கால் காயங்கள் 15 நேர்ந்தன. மூவகைக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. ஆதலின், அந்த ஜோட்டை அணிந்திருந்தாலும் என் தம்பியின் கால் மடங்கியிருக்கக்கூடும். இதனைப் படித்தபோது முதலில் ஆறுதல் உண்டாயிற்று. சிறிது சிந்தித்தபின் அவ்வாறுதல் நிலைக்கவில்லை. கணுக்காலை யான் கெடுக்கவில்லை என்பது மெய்யாகலாம். ஆனால் அவன் ஆடிய மாதங்களில் அவன் கால் அனுபவித்திருக்கவேண்டிய மகிழ்ச்சியை யான் பறித்தேன் என்பதும் மெய்யன்றோ? அதனை எந்த ஆராய்ச்சியும் துடைக்காது.

ஜோட்டின் கதையைத் தொடர்வோம். பம்ப் ஏற்பாடு டென்னிசுக்கும் ஓட்டத்திற்கும் பரவிற்று. 1994ஆம் ஆண்டில் ஸ்டீவன் ஸ்மித் என்பவர், கயிறே இல்லாமல் காற்றினாலேயே காலைப் பிடிக்கும் ‘இன்ஸ்டாபம்ப் ஃப்யூரி’ என்னும் ஜோட்டை அமைத்தார். பின்பு இப்புதுமையின் வேகம் தணிந்தது. ரீபாக் கம்பெனியே 2006ஆம் ஆண்டில் அடிடாஸ் கைக்கும், 2022ஆம் ஆண்டில் ஆதென்டிக் பிராண்ட்ஸ் என்னும் குழுவின் கைக்கும் மாறிற்று. ஆனால் கடைகளில் மறைந்த பொருள், சேகரிப்போர் உள்ளத்தில் புத்துயிர் பெறுவது உலக இயல்பு. தபால் தலை சேர்ப்போரையும் பழங்காசு சேர்ப்போரையும் நாம் அறிவோம். அவர்களைப்போலவே ஜோடு சேர்ப்போரும் இன்று உலகெங்கும் உளர். சோதபீஸ் என்னும் ஏலக்கடையில், ஜோர்டன் 1998ஆம் ஆண்டு இறுதி ஆட்டமொன்றில் அணிந்த இணை, 2023ஆம் ஆண்டில் 22 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. பம்ப் ஜோடுகளுக்கு அத்தகைய விலை இல்லை. அவற்றின் கவர்ச்சி வேறுவகையானது. கம்பெனியார் பழைய அமைப்பிலேயே மீண்டும் மீண்டும் புதிய பதிப்புகள் வெளியிட்டுள்ளனர். 2009ஆம் ஆண்டில் இருபதாம் ஆண்டு நிறைவும் கொண்டாடினர். எனினும் முதற்பதிப்பை நாடுவோர் அதற்கே தனி மதிப்பு வைக்கின்றனர். குமிழ் அழுந்துகிறதா, காற்று நிற்கிறதா, பொத்தானை அழுத்தினால் ‘உஸ்’ என்கிறதா என்று பரிசோதித்தே வாங்குகின்றனர். வெறும் காட்சிப் பொருளாயிராமல், கை பட்டவுடன் ஓர் உயிரினம்போல் மூச்சு விடும் பொருளாக இருப்பதே அதன் வசீகரம்.

இச்சேகரிப்போர் யாவரும் அஞ்சும் பகை ஒன்றுண்டு. ஜோடுகளின் அடியில் இடையே வைக்கப்படும் மெத்தைபோன்ற பாகம் பல இனங்களில் பாலியூரிதேன் என்னும் இரசாயனப் பொருளால் ஆயது. காற்றிலுள்ள ஈரம் நாளடைவில் அதனுட் புகுந்து அதன் கட்டமைப்பை அறுத்துவிடும். வெளித்தோற்றம் புதிதாயிருக்க, ஒருநாள் காலை நுழைத்து நடந்தால் அடி முழுதும் பழைய ரொட்டிபோல் உதிரும். இதில் வியப்பு யாதெனில், அவ்வப்போது அணியப்படும் ஜோடு, பெட்டியிற் பூட்டிய ஜோட்டைவிட நெடுநாள் தாங்குவதுண்டு என்பதே. நடக்கும்போது அழுந்தி விரிந்து, உள்ளே தங்கும் ஈரத்தை அது வெளியே தள்ளுகின்றது என்பர் அறிந்தோர். காப்பாற்றுவதாக எண்ணிப் பூட்டி வைப்பதே அழிவுக்கு வழியாகிறது! இதனை அறிந்த நாளில் யான் வெகுநேரம் அலமாரியின் மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு, இவ்வகைச் சேகரிப்பில் ஈடுபட்ட ஓர் இளைஞர், உறவினர் ஒருவர் மூலம் செய்தி அறிந்து, சென்னையிலிருந்து எங்கள் வீட்டிற்கு வந்தார். தம்பியையும் அழைத்திருந்தேன். அவன் இப்பொழுது கணித ஆசிரியன். மாலைநேரங்களில் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறான். பெட்டியை யானே இறக்கினேன். உதிர்ந்திருக்குமோ என்று என் கை நடுங்கியது. வெண்தோல் பழைய காகிதம்போல் சிறிது பழுத்திருந்ததன்றி வேறு கேடில்லை. பெட்டியினடியில், தம்பி பென்சிலால் வரைந்த அடித்தாளும் இருந்தது. அதனை அங்கே வைத்ததை யானே மறந்திருந்தேன்.

தம்பி தரையில் அமர்ந்து காலை நுழைக்க முயன்றான். ஐம்பது வயதைக் கடந்த பாதம், இருபதாம் வயதின் ஜோட்டுக்குள் செல்லவில்லை. அவன் சிரித்துக்கொண்டே ஜோட்டை மடியில் வைத்து, குமிழைப் பெருவிரலால் அழுத்தினான். பை மெல்ல உப்பிற்று. பின்புறப் பொத்தானை அழுத்தினான். ‘உஸ்’ என்று காற்று வந்தது. வந்திருந்த இளைஞர் மகிழ்ந்து கைகொட்டினார். எனக்கோ பேச நா எழவில்லை.

“தம்பி, என்னை மன்னித்துக்கொள்” என்று முப்பது ஆண்டுகள் தாமதித்துச் சொன்னேன். அவன் ஜோட்டைத் துடைத்தவாறே, “எதற்கு அண்ணா? ஐந்து மாதம் நீங்கள் சரியாகச் சாப்பிடாமல் வாங்கியது என்று எனக்கு அப்பொழுதே தெரியும். அதனால்தான் கழற்றி வைக்கச் சொன்னபோது கழற்றி வைத்தேன்” என்றான். பின்பு சற்று நிதானித்து, “இதை இவர் எடுத்துச் செல்லட்டும். வரும் பணத்தில் நம் பிள்ளைகளுக்கு ஜோடு வாங்குவோம். குழுவில் மூவர் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்” என்றான். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதுவே என் பழைய நோய் என்பதை உணர்ந்து, வாய் திறவாமல் தலையசைத்தேன். அடித்தாளை மட்டும் யான் எடுத்துக்கொண்டேன்.

கிடைத்த தொகையில் குழுவினர் அனைவருக்கும் ஜோடு வாங்கினோம். அவற்றில் காற்றுப் பையும் இல்லை, ஆரஞ்சுக் குமிழும் இல்லை. சாதாரணமான, உறுதியான ஜோடுகள். பெட்டிகளைக் கொடுத்தபோது ஒரு மாணவன், “ஐயா, போட்டி நாளுக்கு எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டான். தம்பி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். “வேண்டாம், இன்றே போட்டுக்கொள்” என்று யானே விடை கூறினேன். அன்று சிறிது மழை பெய்திருந்தது. சிமெண்டுத் தளத்தின் ஓரமெல்லாம் சேறு. ஆட்டம் முடிந்தபோது அந்தப் புதிய ஜோடுகளில் ஒன்றேனும் வெண்மையாக இல்லை. அதனைக் கண்டு யான் மகிழ்ந்தேன்.

இதனை வாசிக்கும் அன்பர்களுள் எவர் வீட்டிலேனும், எவருக்காகவோ அன்போடு வாங்கி, நல்ல நாள் வரட்டுமென்று பூட்டி வைத்த பொருள் ஏதேனும் இருக்குமாயின், இன்று மாலையே அதனை இறக்கி, உரியவர் கையிற் கொடுத்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.